போதோ என்று கூப்பிடாதே

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. வாசல் பக்கம் காற்றடிக்கிறது, கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். எல்லார் கிண்ணத்திலும் தேநீர் இருக்கிறதா? இல்லாதவர்கள் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்து போனால் கதை கோபித்துக்கொள்ளும். பெற்ற மகளின் பெயரை ஒருநாள்கூட வாயால் சொல்லாத ஒருத்தியின் கதையை இன்று சொல்லப்போகிறேன். ஏரிக்கரையில், ஊரே ஈரத்துண்டோடு நின்று பார்க்க நடந்த கதை.

அவள் பெயர் சோனுன். பிஷ்கேக்கில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கணவன் ஜெனிஷ் வேன் ஓட்டுகிறவன். ஒரே மகள், பதினைந்து வயது. ஒவ்வொரு ஜூலையிலும் இசிக்குல் ஏரிக்கு வந்து, பொஸ்தேரியில் அதே வீட்டின் பின்கட்டில் இரண்டு அறை எடுத்துத் தங்குவார்கள். ஒரு அறையில் இவர்கள். இன்னொன்றில் சோனுனின் மூத்த ஓரகத்தி அனார். அனாரின் கணவனுக்குத் தண்ணீரைப் பார்த்தால் தூக்கம் வருமாம், அதனால் அவன் வருவதில்லை. ஜெனிஷ் எல்லாரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சவாரிக்குத் திரும்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதான் வருவான்.

மகள் பிறந்த வருஷம்தான் ஜெனிஷின் அம்மா கண்ணை மூடினாள். அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். குமுஷ். வெள்ளி என்று அர்த்தம். வைத்தது சரி, கூப்பிடுவது யார்? மாமியார் பெயரை மருமகள் வாயில் எடுப்பாளா? சோனுன் எடுக்கவில்லை. அனாரும் அதே மாமியாருக்கு மருமகள்தானே, "ஏ பொண்ணு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அப்பனோ "அம்மா, சாப்பிட்டியாம்மா" என்று கொஞ்சுவான். ஆகமொத்தம் அந்தப் பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் நடமாடியது. வீட்டுக்குள் வந்ததில்லை.

சோனுன் மகளைப் போதோ என்று கூப்பிட்டாள். ஒட்டகக்குட்டி. பெயரைத்தான் என்றில்லை, வெள்ளி என்ற வார்த்தையையே விட்டுவிட்டவள் அவள். நகைக்கடையில் போய், "அந்த வெள்ளைச் சாமான்ல ஒரு ஜோடி தோடு காட்டுங்க" என்பாள். கடைக்காரன் சிரிப்பான். மாமியார் போய் இத்தனை வருஷமாயிற்று, காவலுக்கு யாரும் நிற்கவில்லை. ஆனாலும் தாழ்ந்த வாசற்படியில் தலை தானாகக் குனிகிற மாதிரி, அந்தச் சொல் வருகிற இடத்தில் நாக்கு தானாகக் குனிந்து போய்விடும்.

சரி, அன்றைய காலைக்கு வருவோம். வாதுமைமரத்தடி மேசையில் பொரித்த மாவுத்துண்டு போர்சோக்கும் ஏப்ரிகாட் ஜாமும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் திடீரென்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா, இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல நானும் எதிர் அறைப் பொண்ணும் தனியாப் போறோம்."

"தனியான்னா?"

"தனியான்னா தனியாத்தான். நீ வரக்கூடாது. பெரியம்மா வரக்கூடாது. துண்டை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே 'தலை துவட்டு, தலை துவட்டு'ன்னு ஓடி வரக்கூடாது."

எதிர் அறைப் பெண் அல்மாத்தியிலிருந்து வந்தவள். பச்சை நீச்சலுடை, குட்டையாக வெட்டிய முடி. முதல் நாளே வந்து வணக்கம் சொல்லிப் பெயரும் சொன்னாள். சோனுன் காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை. அவள் அப்பா அம்மா அன்று மலைப்பக்கம் குதிரையேறப் போயிருந்தார்கள்.

"போறவ போகட்டுமேடி," என்றாள் அனார். "இவ வயசுல நான் மலையில தனியா ஆடு மேய்ச்சேன்."

"ஆடு நீந்தாதுக்கா."

"நானும் கரையிலயே மேயறேன், போதுமா?" என்றாள் மகள்.

சோனுன் சிரிக்கவில்லை. நிபந்தனைகளை அடுக்கினாள். சிவப்பு மிதவைக்கு அந்தப்பக்கம் நீந்திப் போகக்கூடாது. காற்றடைத்த மெத்தையில் ஏறக்கூடாது. தெருமுனைக் கடையில் சாயங்கால சம்சாவுக்கு அடுப்பு மூடியைத் திறக்கும்போது வீட்டில் இருக்க வேண்டும். போனைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், மணலில் தொலைத்துவிடுவாள்.

"எல்லாம் சரி. எனக்கும் ஒண்ணு இருக்கு," என்றாள் மகள். "மைக்குல போதோன்னு கூப்பிடக்கூடாது."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. படகுத்துறையில் ஒரு கம்பத்தில் ஒலிபெருக்கி உண்டு. நீலத்தொப்பி போட்ட பையன் அழுகிறான் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், யாரோ செருப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், சுட்ட சோளம் சூடாக இருக்கிறது, எல்லாம் அதில்தான் வரும். போன வருஷம் மகள் சாப்பிட வரத் தாமதம் என்று சோனுன் அங்கே போய்ச் சொல்ல, "போதோ, போதோ, அம்மா சாப்பாட்டோட காத்திருக்காங்க" என்று கரை முழுக்க முழங்கியது. அப்புறம் அந்த விடுமுறை முடிகிறவரைக்கும் பையன்கள் அவளைப் பார்த்ததும் ஒட்டகம் மாதிரிக் கத்தினார்கள். ஒருவன் துண்டை முதுகில் சுருட்டி வைத்துத் திமில் காட்டினான். பிள்ளை மூன்றாம் நாள் தண்ணீரில் இறங்குவதையே விட்டுவிட்டாள்.

"கூப்பிட்டா என்ன பண்ணுவ?" என்று அனார் சீண்டினாள்.

"மூழ்கிக்கிட்டு இருந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன்."

"தூ, தூ! வாயைக் கழுவுடி. ஏரியை வச்சுக்கிட்டு என்ன பேச்சு பேசுற!"

 சோனுன் மகள் கண்ணில் போன வருஷத்து வெட்கம் அப்படியே இருந்ததைப் பார்த்தாள். "கூப்பிடமாட்டேன்," என்றாள். "சத்தியமா."

மத்தியானம் இரண்டு பெண்களும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வாசல் கதவு 'டக்'கென்று சாத்திக்கொண்டது. அந்தச் சத்தத்தோடு சோனுனின் நிம்மதியும் வெளியே போய்விட்டது.

உருளைக்கிழங்கை எடுத்து வைத்துத் தோல் சீவினாள். மூன்று பேருக்கு என்று ஆரம்பித்து ஊருக்கே ஆகும்படி சீவிவிட்டாள். கதவுவரைக்கும் போனாள், திரும்பினாள். துணி உலர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள். தொட்டதையே மறுபடியும் தொட்டாள். மகளின் போன் ஜன்னலில் கிடந்தது. அதை எடுத்து மகளுக்கே போன் பண்ணலாமா என்று ஒரு கணம் யோசித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"உக்காருடி," என்றாள் அனார். "உன்னைப் பார்த்து எனக்குத் தலை சுத்துது. குட்டியைப் பறிகொடுத்த பெட்டைக்குதிரை மாதிரிச் சுத்திச் சுத்தி வர்ற."

"இல்லக்கா, மீன் வாங்கலாம்னு."

"நேத்து வாங்கின மீன் தொங்குது."

"இன்னும் கொஞ்சம்."

ஆணியில் கிடந்த அனாரின் வைக்கோல் தொப்பியை எடுத்துக் கண்வரைக்கும் இழுத்து மாட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் பெண்ணின் கறுப்புக் கண்ணாடியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அனார் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தடுக்கவில்லை.

கரையில் உடை மாற்றுகிற தகர அறைக்குப் பின்னால் போய் நின்றாள். மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டு பெண்களும் சோளம் கடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை நீச்சலுடைக்காரி என்னவோ சொன்னாள். மகள் சிரித்தாள். சோளமணி மூக்கில் ஏறுகிற அளவுக்கு, காலை மணலில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சோனுன் வீட்டில் கேட்டதே இல்லை. இவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். சந்தோஷமாகவும் இருந்தது, கசக்கவும் செய்தது.

புகையில் வாட்டிய மீன்களைக் குச்சியில் கோர்த்துத் தூக்கிக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் வந்தாள். "ஏம்மா, யாரை ஒளிஞ்சு பார்க்கிற? புருஷனையா?"

"சும்மா இரும்மா. மகளை."

"அட பாவமே. புருஷன்னா நான் கூட நின்னு காட்டிக்கொடுத்திருப்பேன். வயசுப்பிள்ளைக்குத் தெரிஞ்சா உன்னைச் சும்மா விடாது. போ, போயிடு."

சோனுனுக்கு முகம் சுட்டது. வேண்டாத மீனை வாங்கிக்கொண்டு, குனிந்தபடியே வீட்டுக்குத் திரும்பினாள். சொன்ன சொல்லில் பாதியை அப்போதே உடைத்துவிட்டோம் என்று மனசு குத்தியது. இனி அசையக்கூடாது என்று பெஞ்சில் உட்கார்ந்து, கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டாள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் கொடியில் துண்டுகள் திரும்பின.

ஏரிக்கரையில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் காற்று ஏரியிலிருந்து வரும், துண்டுகள் மலையைப் பார்த்து ஆடும். சாயங்காலம் மலை மூச்சு விட ஆரம்பித்தால் எல்லாம் ஏரியைப் பார்த்துத் திரும்பிவிடும். தண்ணீரில் இருப்பதை எல்லாம் அது உள்ளே தள்ளும். அன்றைக்கு வெயில் இன்னும் சாயக்கூட இல்லை. சம்சாக் கடைக்காரர் அடுப்பை இன்னும் மூடித்தான் வைத்திருந்தார். அதற்குள் துண்டுகள் திரும்பிவிட்டன. மகளின் மஞ்சள் சட்டை கொடியிலிருந்து விடுபட்டுப் பறந்து, ஏரிப்பக்க வேலியில் போய் ஒட்டிக்கொண்டது.

சோனுன் எழுந்தாள். மீன் மடியிலிருந்து விழுந்தது. ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் ஓடினாள்.

மணலில் அவர்கள் படுத்திருந்த இடத்தில் இரண்டு துண்டும் கடித்துப்போட்ட சோளக்கட்டையும்தான் இருந்தன. தண்ணீரில் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிவப்பு மிதவைக்கு இந்தப்பக்கம் ஒரு பச்சை நீச்சலுடையும் இல்லை. பிறகு தூரத்தில், மிதவையைத் தாண்டி, அன்னத்தின் கழுத்து வைத்த ஒரு மிதிபடகு தெரிந்தது. அதில் பச்சையாக ஒரு புள்ளி. பக்கத்தில் அவள் மகளின் சிவப்பு நீச்சலுடை.

நீந்தாதே என்றாள், மெத்தை வேண்டாம் என்றாள், மிதிபடகைச் சொல்ல மறந்துபோனாள். மகள் ஒரு நிபந்தனையையும் மீறவில்லை பாருங்கள்.

படகுத்துறையில் மெதெத் என்ற இளைஞன்தான் படகும் விடுவான், மைக்கும் பிடிப்பான். சோனுன் அவன் கையைப் பிடித்துவிட்டாள். "தம்பி, அந்த அன்னப்படகு. என் பொண்ணு அதுல."

அவன் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. "ஏழாம் நம்பர். காத்து திரும்பினதை அதுங்க கவனிக்கல. மோட்டார் படகு அந்தக் கோடியில வேற ஆளுங்களை இழுக்கப் போயிருக்கு. வயர்லெஸ்ல கூப்பிடறேன், வரக் கொஞ்ச நேரமாகும்."

"அதுவரைக்கும்?"

மேற்கே கரை ஏரிக்குள் மூக்கு மாதிரி நீண்டிருக்கும். அதன்மேல் நெருக்கமாகப் பாப்லர் மரங்கள். அவற்றின் மறைவில் இருக்கிறவரைக்கும் காற்று மெல்லத்தான் தள்ளும். "மூக்கைத் தாண்டறதுக்குள்ள திரும்பிட்டாங்கன்னா மிதிச்சே சமாளிச்சுடலாம்," என்றான் மெதெத். "தாண்டிட்டா மிதிச்சு வர முடியாது. அலை புரட்டிடும்."

மைக்கை எடுத்தான். "ஏழாம் நம்பர், ஏழாம் நம்பர், உடனே கரைக்குத் திரும்பு!"

அன்னம் அசையவில்லை. தன்பாட்டுக்கு மேற்கே போய்க்கொண்டிருந்தது.

"நம்பர் சொன்னா ஒருத்தனுக்கும் காது கேக்காதுக்கா. நேரமாச்சுன்னு கூப்பிடறேன்னு நினைச்சு ஓசியில இன்னொரு ரவுண்டு போவாங்க. பேரைச் சொல்லுங்க. பேர் சொன்னாத்தான் திரும்புவாங்க. கூட இருக்கிற பொண்ணு பேராவது?"

அந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை. முதல் நாள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்ன பெயர். சோனுன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு யோசிக்காமல், பதினைந்து வருஷப் பழக்கத்தில், வாயிலிருந்து வழுக்கிவிட்டது.

"போதோ."

மெதெத் அதற்குள் மைக்கில் சொல்லியாயிற்று. "போதோ! போதோ! உங்க அம்மா கூப்பிடறாங்க! உடனே திரும்பு!"

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பையன் ஒட்டகம் மாதிரிக் கத்தினான். இன்னொருவன் பதிலுக்குக் கத்தினான். கரையே சிரித்தது.

காற்று கரையிலிருந்துதான் வீசியது, வார்த்தை ஒன்றுவிடாமல் போய்ச் சேர்ந்திருக்கும். சிவப்புப் புள்ளி ஒருமுறை இந்தப்பக்கம் திரும்பியது. சோனுன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். சிவப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. படகின் பின்னால் வெள்ளையாக நுரை கிளம்பியது. வேகமாக மிதிக்கிறாள். அந்தப்பக்கமாகவே மிதிக்கிறாள்.

மூழ்கிக்கொண்டிருந்தாலும் திரும்பமாட்டேன் என்று காலையில் சொன்னாளே. 

"பள்ளிக்கூடத்துப் பேர் என்னக்கா? சீக்கிரம்!"

சோனுன் வாயைத் திறந்தாள். நாக்கு குனிந்துகொண்டது. "அது... தம்பி, காதுல போடுவோமே."

"என்ன?"

"காதுல போடறது. வெள்ளையா இருக்கும். பளபளன்னு."

அவனும் நம் பிள்ளைதானே, அவன் அம்மாவும் ஒரு வீட்டுக்கு மருமகள்தானே, விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அவசரத்தில் தப்பாகப் புரிந்துவிட்டது. "தோடா? சிர்கா! சொல்லவேண்டியதுதானே!" என்று மைக்கைப் பிடித்தான். சிர்கா என்றாலும் நம் ஊரில் பெண்பிள்ளைக்கு வைக்கிற பெயர்தான். "சிர்கா! சிர்கா! திரும்பு!"

அன்னம் போய்க்கொண்டே இருந்தது. கையில் உருகிய ஐஸ்கிரீமோடு ஒரு குண்டுச் சிறுமி மணலில் ஓடிவந்து நின்றாள். "நான்தான் சிர்கா. நான் என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலடி தங்கம், போ," என்றான் மெதெத்.  அதற்குள் அனாரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்துவிட்டாள். "நீங்களாவது சொல்லுங்க பெரியம்மா! அந்தப் பொண்ணு பேர் என்ன?"

அனார் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நானும் அந்த வீட்டு மருமகதான்டா, தம்பி," என்றாள்.

அன்னத்தின் கழுத்து முதல் பாப்லர் மரத்துக்கு நேராக வந்துவிட்டது. அதற்கப்பால் ஏரி கறுத்துக் கிடந்தது. அலைகள் முதுகில் நுரையோடு ஓடிக்கொண்டிருந்தன.

சோனுன் மெதெத்தின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"குமுஷ்."

முதலில் மெல்லத்தான் வந்தது. கம்பத்திலிருந்த ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கிக் கரை முழுக்கப் போட்டது. தன் குரலையே கேட்டுச் சோனுன் திடுக்கிட்டாள். அனார் தலைமுக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். இனி என்ன, விழுந்தது விழுந்துவிட்டது.

"குமுஷ்! அம்மா சொல்றேன். திரும்பு. மூக்கைத் தாண்டாத. காத்து திரும்பிடுச்சுடி, துண்டெல்லாம் ஏரியைப் பார்த்து ஆடுது. சத்தியத்தை நான் உடைச்சுட்டேன், அதுக்கு அப்புறம் திட்டிக்கோ. இப்பத் திரும்பு. குமுஷ், என் கண்ணு, குமுஷ்!"

ஒரு பையனும் கத்தவில்லை. தண்ணீரில் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு தாய் அப்படிக் கூப்பிட்டால் அது விளையாட்டில்லை என்று அந்தப் பையன்களுக்குக்கூடத் தெரியுமல்லவா.

அன்னத்தின் பின்னால் நுரை நின்றது. சிவப்புப் புள்ளி எழுந்து நின்றது. கண்ணுக்கு மேல் கைவைத்துக் கரையைப் பார்ப்பது தெரிந்தது. அது நின்ற நேரம்தான் சோனுனுக்கு அந்த நாளிலேயே நீளமான நேரம். பிறகு அன்னம் கழுத்தைத் திருப்பியது. மெல்ல, மனசில்லாத கிழட்டுக் குதிரை மாதிரி, கரைக்கு முகம் காட்டி நின்றது.

மிதித்தார்கள். முன்னே வரமுடியவில்லை, ஆனால் பின்னே போகவும் இல்லை. மரங்களின் மறைவிலேயே, இருந்த இடத்தில் கிடந்து மிதித்தார்கள். மைக்கைப் பிடித்தபடி சோனுன், "மிதி கண்ணு, நிறுத்தாத, மிதி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கரையில் நின்ற பெண்களின் கால்களும் தம்மையறியாமல் மணலை மிதித்தன. மோட்டார் படகு வந்து கயிறு போட்டபோது மெதெத் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டான்.

மகள் கரையில் இறங்கியதும் கால் மடங்கியது. சோனுன் துண்டைப் போட்டுச் சுற்றி, தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். மகள் தடுக்கவில்லை. பச்சை நீச்சலுடைக்காரியை அனார் தன் மேல்சட்டைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டிருந்தாள்.

"அது நீயா சொன்னது?" என்றாள் மகள். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"பின்ன யாரு, ஒட்டகமா?"

"யாரோன்னு நினைச்சேன். டீச்சர் யாராவது வந்துட்டாங்களோன்னு. அப்புறம்தான் உன் குரல்னு..." நிறுத்தினாள். "போதோன்னு கேட்டதும் வேணும்னேதான்மா போனேன்."

"தெரியும். பார்த்தேன்."

"நீ சத்தியம் பண்ணின."

"பண்ணினேன். உடைச்சேன். அதுக்கு முன்னாடியே ஒரு தரம் தொப்பி போட்டுக்கிட்டு வந்து ஒளிஞ்சு பார்த்தேன், அதையும் சொல்லிடறேன்."

"தெரியும். அந்தத் தொப்பியை ஊருக்கே தெரியும்." சிறிது நேரம் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள், "இன்னொரு தடவை சொல்லேன்."

"போடி. மாமியாரை ஒரு நாளைக்கு எத்தனை தரம்தான் கூப்பிடறது!"

அன்று சாயங்காலம் அனார் வீட்டுக்காரரிடம் பெரிய வாணலியை வாங்கி எண்ணெய் காயவைத்தாள். மாவைத் தட்டித் தட்டி ஏழு ரொட்டி பொரித்தாள். இறந்துபோனவர்களுக்கு எண்ணெய் மணம் போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. இரண்டு ஓரகத்திகளும் அடுப்பு முன்னால் நின்று வேண்டுதலுக்குக் கையேந்தினார்கள்.

"அத்தை," என்றாள் அனார் அடுப்புப் புகையைப் பார்த்து. "உங்க பேரை உங்க சின்ன மருமக இன்னைக்குக் கரையில போட்டு உடைச்சுட்டா. பொஸ்தேரி முழுக்கக் கேட்டுது. பேத்திக்காகத்தான் எடுத்தா. நீங்களும் ஒரு கை கொடுத்து அந்தப் படகைத் திருப்பினதாத்தான் எனக்குத் தோணுது. கோவிச்சுக்காதீங்க." முகத்தை இரு கையாலும் தடவிக்கொண்டாள். பிறகு சோனுன் பக்கம் சாய்ந்து, "நானும் சொல்லத்தான்டி வாயத் திறந்தேன். வரல" என்றாள்.

"எனக்கும் வரலக்கா. தானா விழுந்துச்சு."

மகள் சூடான ரொட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நாளைக்கு?"

"நாளைக்கு என்ன?"

"நாங்க போகலாமா? தனியா?"

அனார் கரண்டியைத் தூக்கினாள். சோனுன் எழுந்து போய், எதிர் அறைப் பெண் முன்னால் உட்கார்ந்தாள். "முதல்ல உன் பேர் என்னம்மா? மறுபடி சொல்லு."

"ஜானெல், ஆன்ட்டி."

"ஜானெல். ஜானெல்." இரண்டு தடவை சொல்லி மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பிறகு மகளைப் பார்த்தாள். "கொடியில துண்டு ஏரிப்பக்கம் திரும்பினா நீங்க கரைப்பக்கம் திரும்பணும். மிதிபடகு மூக்குவரைக்கும் போகக்கூடாது. போதோன்னு கூப்பிட்டா அது சாப்பாட்டுக்கு. நீ வந்தாலும் வரலைன்னாலும் உன் இஷ்டம், ஒட்டகம் மாதிரிப் பதில் கூடக் கொடு. ஆனா அந்தப் பேரைக் கூப்பிட்டேன்னா..."

"திரும்பிடுவேன்," என்றாள் குமுஷ்.

மறுநாள் மத்தியானமும் வாசல் கதவு 'டக்'கென்று சாத்திக்கொண்டது. சோனுன் உருளைக்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டாள். மனசு அடங்கியதா என்று கேட்காதீர்கள், பெற்ற வயிறு அடங்குமா? சீவினாள், நிறுத்தினாள், கொடியைப் பார்த்தாள். துண்டுகள் மலையைப் பார்த்து ஆடின. மறுபடி சீவினாள். தொப்பி ஆணியில் தொங்கியது. அதை இரண்டொரு தடவை பார்த்தாள், எடுக்கவில்லை. அவள் உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் எதையோ சொல்லிப் பழகிக்கொண்டிருந்தன. அனார் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

தேநீர் ஆறிவிட்டதா, கண்ணுகளா? கையேந்துங்கள், வாழ்த்திவிட்டு முடிக்கிறேன். உங்கள் வீட்டு வாசல் கதவு எத்தனை தரம் சாத்தினாலும் அத்தனை தரமும் சிரிப்போடு திறக்கட்டும். உங்கள் பிள்ளைகள் எவ்வளவு தூரம் போனாலும் கூப்பிட்ட குரல் அவர்கள் காதில் விழட்டும், கூப்பிட உங்களுக்கு நாக்கும் இருக்கட்டும். உங்கள் அடுப்பில் எண்ணெய் வாசம் தீராமலும், கொடியில் துண்டுகள் குறையாமலும், வெளியே போனவர்கள் எல்லாரும் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்து, உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.